கடி என்றால் கடிப்பார்கள்

1. முதல் நாள்

முதல் நாளே ஒரு குழந்தை என் விரலைக் கடித்துவிட்டது. அதன்மேல் ஒரு தப்பும் இல்லை. "கடி" என்று சொன்னது நான்தான்.

எழுபதுகளின் தொடக்கம். நொச்சிக்குப்பத்துப் பால்வாடி. பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் முதல் ஆள் நான்கு வயதுப் பையன். இளக்கிய மெழுகுத் துண்டை அவன் பல்வரிசைகளுக்கு நடுவில் வைத்து, கடி என்றேன். விரலை எடுக்க மறந்துவிட்டேன். அவன் சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை. கடித்தவன் விடவும் இல்லை. நான் போட்ட கூச்சலுக்குப் பால்வாடி ஆயா ஓடிவந்து என்னையும் பார்த்து அவனையும் பார்த்துவிட்டு, "இன்னா சார், நீதான கடின்ன? அதான் புள்ள கடிச்சிகினு கீது" என்றார். விடு என்று ஆயா ஒரு வார்த்தை சொன்னார். விட்டுவிட்டான்.

என்னை அழைத்துப் போயிருந்த டாக்டர் அலமேலு சிரித்து ஓய்ந்தபிறகு என் விரலைக் கழுவி மருந்து வைத்துக் கட்டினார். அந்தக் கட்டோடு மிச்சப் பிள்ளைகளுக்கும் மெழுகு வைத்தேன். மறுநாளிலிருந்து மெழுகு வைப்பதை டாக்டரே எடுத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பில் ஒரு பெரிய சமாசாரத்தை இரண்டு பேருமே கோட்டைவிட்டோம் என்பது பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கடி என்று சொன்னால் குழந்தை எப்படிக் கடிக்கும் என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் டெண்டல் மெக்கானிக். இந்தப் பேரை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. எங்கள் தெருவில் ஒருவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டுவந்து கார்புரேட்டர் பார்க்கச் சொன்னார். பல் மெக்கானிக் என்று விளக்கினேன். "வண்டிக்கு ஏதுப்பா பல்லு?" என்று கேட்டுவிட்டு, கியர் பல்சக்கரம் நினைவுக்கு வர, அதையாவது பாரேன் என்றார். நான் செய்தது பல் செட். டாக்டர் வாயில் அளவெடுத்துக் கொடுப்பார். அதில் ப்ளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி மாடல் எடுத்து, மெழுகில் பல் அடுக்கி, செட் கட்டுவது என் பொறுப்பு. மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கிளினிக். கோயிலுக்கு வந்துபோகும் பெரியவர்களில் பாதிப் பேர் நான் கட்டிய பல்லால்தான் சுண்டல் தின்றார்கள்.

அந்தக் கிளினிக்கை நடத்திய டாக்டர் ஓய்வெடுத்துக்கொண்டு போக, அலமேலு டாக்டர் அதை எடுத்து நடத்த வந்தார். என்னைவிட ஆறேழு வயது இளையவர். வந்த மாதமே, பள்ளிக்கூடம் போகிற வயது வராத குழந்தைகளின் பால் பல்லை அளவெடுக்கப் போகிறோம் என்றார். எந்தக் குழந்தைக்குப் பற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, மேல் வரிசையும் கீழ் வரிசையும் எப்படிச் சேர்கின்றன, எல்லாவற்றையும் மாடல் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். எனக்கு எரிச்சல். விழப்போகிற பல்லுக்கு மாடலா? செட் பல் வேலை மேசைமேல் குவிந்துகிடந்தது. வாய்விட்டே சொன்னேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடுவீர்களா என்று கேட்டார். போடுவேன் என்றேன். துண்டுக்கு என்ன விலை இருக்கிறது, ஆனால் அதை எடுத்து எறிந்துவிட்டால் உங்களுக்கு இடம் உண்டா என்றார். பால் பல்லும் பின்னால் வருகிற பல்லுக்குப் போட்ட துண்டுதான் என்றார். ப்ளாஸ்டர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

2. முத்து வரிசை

நான் அவரை மதிக்க ஆரம்பித்தது அவர் படிப்புக்காக அல்ல. அளவெடுக்கும்போது குழந்தையிடம் நடந்துகொள்ளும் விதத்துக்காக. ஆல்ஜினேட் என்கிற அளவு மாவை ட்ரேயில் வைத்து வாய் நிறையத் திணித்தால் வயது வந்தவனே குமட்டுவான். அவர் முதலில் அந்த மாவைக் குழந்தையின் உள்ளங்கையில் வைப்பார். அது இறுகி ரப்பர் மாதிரி ஆவதைக் குழந்தையே தொட்டுப் பார்க்கும். அப்புறம் ட்ரேயைக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடுவார். குழந்தை தானே வாய்க்குள் கொண்டுபோகும். அழுகிற குழந்தையை அன்றைக்குத் தொடவே மாட்டார். அதற்காகவே இன்னொரு நாள் போவோம். எனக்குப் பஸ் அலைச்சல், ஆனால் ஒரு குழந்தையைக்கூட இரண்டு பேர் பிடித்து அமுக்கி அளவெடுத்ததாகச் சரித்திரம் கிடையாது.

பெற்றோர்களோடு பேசுவதுதான் கஷ்டம். அடையாற்றில் ஒரு அம்மா தன் பெண்ணின் வாயைத் திறந்து காட்டிப் பூரித்துப்போனார். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் நூல்கூட நுழையாது, அப்படியொரு முத்து வரிசை. டாக்டர் முகம் மட்டும் மலரவில்லை. பின்னால் வருகிற பற்கள் இதைவிட அகலமானவை, இப்போதே இடமில்லை என்றால் அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறும் என்று மெதுவாக எடுத்துச் சொன்னார். நடுவில் சந்து விட்டிருக்கும் பால் பல்தான் நல்ல பல் என்றார். அந்த அம்மா, பல் டாக்டருக்குக் கண் சரியில்லை போலிருக்கிறது என்று என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டரைப் பற்றி இன்னொரு விஷயம். பழைய மயிலாப்பூர்க் குடும்பம். எச்சில் விஷயத்தில் மகா கறார். காபியைத் தூக்கித்தான் குடிப்பார், உதடு டம்ளரில் படாது. நான் கடித்த வடையின் பக்கத்தில் அவர் வடை இருந்தால் அதை எடுக்க மாட்டார். காலை முதல் சாயங்காலம் வரை ஊர்ப் பிள்ளைகளின் எச்சிலில் கை வைத்துக்கொண்டிருப்பவருக்கு இது என்ன மடி என்று நான் சீண்டுவேன். "அது வேலை. இது ஆத்துப் பழக்கம். ரெண்டையும் கலக்காதீங்கோ" என்பார்.

3. பேச்சி

தி. நகரில் ஒரு நர்சரிப் பள்ளி. அங்கேதான் பேச்சியைப் பார்த்தோம். நாலரை வயது. பேர் பேச்சியம்மாள், பேருக்கேற்ற வாய். மாவு ஏன் ரோஸ் கலராக இருக்கிறது, டாக்டருக்கு யார் பல் பார்ப்பார்கள், மெக்கானிக் மாமாவுக்கு ஏன் மூக்கில் ப்ளாஸ்டர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பாவுக்குப் பக்கத்தில்தான் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர், எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

டாக்டர் அவள் உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடி என்றார். கடித்தாள். கீழ்ப்பல் நான்கும் மேல்பல்லுக்கு முன்னால் வந்து நின்றன. முறைப்படி மேல்பல் கீழ்ப்பல்லைக் கொஞ்சம் மூடிக்கொண்டு நிற்க வேண்டும். இது தலைகீழ். எதிர்க்கடி. மறுபடி கடி என்றார். மறுபடி அதேதான். மெழுகிலும் அதே பதிவு. இதுபோல முன்பல் முட்டிக்கொண்டோ தலைகீழாகவோ நிற்கும் குழந்தைகளை எல்லாப் பள்ளியிலும் பார்த்துக்கொண்டுதான் வந்தோம். இவளுக்குத்தான் ரொம்ப அதிகம்.

அன்று மாலை அண்ணாச்சியிடம் டாக்டர் விஷயத்தைச் சொன்னார். கீழ்த்தாடை முன்னால் வருகிறது, இப்போதே கவனிக்க வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். தகப்பனார் காதில் கடைசி வார்த்தை விழவில்லை. பெண் குழந்தை, தாடைக் கோணல், இந்த இரண்டு மட்டும்தான் விழுந்தன. அவர் மவுண்ட் ரோட்டில் பேர்பெற்ற ஒரு மூத்த பல் டாக்டரிடம் ஓடினார். எங்கள் டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். அந்தப் பெரியவரும் பேச்சியைக் கடி என்றார். அவளும் கடித்தாள். தீபாவளிக்கு முன்னால் கீழ் முன்பல் நான்கையும் எடுத்துவிடலாம், எப்படியும் விழப்போகிற பல்தானே என்று முடிவாகிவிட்டது.

இது எங்களுக்குக் காதில் விழுந்தபோது டாக்டர் சங்கடப்பட்டார். இத்தனை சீக்கிரம் பிடுங்க வேண்டாம் என்பது அவர் எண்ணம். ஆனால் கோளாறு இருக்கிறது என்று சொன்னதே இவர்தானே, எந்த முகத்தோடு குறுக்கே போவது?

4. உங்கள் மெழுகு, என் ப்ளாஸ்டர்

மாடல் வேலையில் ஒரு சுகம் உண்டு. மேல் மாடலையும் கீழ் மாடலையும் கையில் எடுத்துச் சும்மா சேர்த்துப் பார்த்தால், மேடும் பள்ளமும் பொருந்துகிற ஒரே இடத்தில் அவை தாமாக உட்கார்ந்துகொள்ளும். தாழ்ப்பாள் விழுகிற மாதிரி இருக்கும். பேச்சியின் மாடலைச் சேர்த்தேன். அழகாக உட்கார்ந்தது. மேல்பல் முன்னால், கீழ்ப்பல் பின்னால், எல்லாம் கிரமமாக. அவள் கடித்துக் கொடுத்த மெழுகை நடுவில் வைத்துச் சேர்த்தால் மட்டும் கீழ்த்தாடை முன்னால் துருத்திக்கொண்டு நின்றது, கடைவாய்ப் பல் ஒன்றோடொன்று படவே இல்லை.

டாக்டரிடம் காட்டினேன். அவர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ப்ளாஸ்டர் ஊற்றும்போது அவசரப்பட்டிருப்பீர்கள், மாடல் கோணிவிட்டது என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"இன்னா மேடம் நீங்க. ப்ளாஸ்டர் நல்லாத்தான் கீது. உங்க மெழுகுதான் வெயில்ல இளகிப் போயிருக்கும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவர் முணுமுணுத்தார். அது என் காதில் விழ வேண்டும் என்றே முணுமுணுத்தார். அலமாரியிலிருந்து வேறு குழந்தைகளின் மாடல்களையும் எடுத்தேன். எதிர்க்கடி, முட்டுக்கடி என்று குறித்திருந்த முக்கால்வாசி மாடல்களில் இதே கதை. நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. ஒரு வாரம் வேலைப் பேச்சு தவிர வேறு பேச்சு இல்லாமல் இருந்தோம்.

அவருக்கு வேறொரு நெருக்கடியும் இருந்தது. அந்த மாதக் கடைசியில் ஊரில் உள்ள பல் டாக்டர்கள் கூடும் கூட்டத்தில் பேசச் சொல்லியிருந்தார்கள். சென்னைக் குழந்தைகளில் இத்தனை பேருக்கு முன்கடி தவறியிருக்கிறது என்பதுதான் அவர் சொல்லப்போகிற புது விஷயம். ஒரு பெண் டாக்டர், அதுவும் சின்ன வயது, எழுந்து பேசுவதையே அதிசயமாகப் பார்த்த காலம். அந்தப் பேச்சுக்காக அவர் உழைத்த உழைப்பு எனக்குத் தெரியும்.

5. கமர்கட்டு

மயிலாப்பூரில் ஒரு பாலர் பள்ளி. அளவெடுத்து முடித்து, நான் ட்ரேக்களைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தேன். டாக்டர் புங்கமரத்தடியில் காபியைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். எதிரே இரண்டு சிறுமிகள். ஒருத்தியிடம் ஒரே ஒரு கமர்கட்டு. கல் மாதிரி இருக்கும், கையால் உடைக்க முடியாது. அவள் பாவாடை நுனியை அதன்மேல் சுற்றினாள். துணியோடு சேர்த்து முன்பல்லில் வைத்தாள். கீழ்த்தாடையை நன்றாக முன்னால் தள்ளி, கண்ணை இறுக்கி மூடி, ஒரே கடி. உடைந்தது. துணி நடுவில் இருந்ததால் எச்சில் படவில்லை. பாதியைத் தோழிக்குக் கொடுத்தாள்.

காக்காக்கடி. தமிழ்நாட்டில் பிறந்து அதைக் கடிக்காத குழந்தை யார்?

டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். அந்தச் சிறுமியைக் கூப்பிட்டார். அரைமணி முன்னால்தான் அவளை எதிர்க்கடி என்று குறித்திருந்தோம். அவள் மிட்டாயைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு வந்து நின்றாள். டாக்டர் கடி என்று சொல்லவில்லை. அவள் எச்சிலை முழுங்கும்வரை காத்திருந்தார். முழுங்கிய கணத்தில் உதட்டை லேசாகத் தூக்கிப் பார்த்தார். பல் ஒழுங்காகச் சேர்ந்திருந்தது. மேல்பல் முன்னால், கீழ்ப்பல் பின்னால். பிறகு, கடி என்றார். தாடை துருத்திக்கொண்டு முன்னால் வந்தது.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போனேன்.

"கஜபதி, உங்க ப்ளாஸ்டரும் சரி. என் மெழுகும் சரி. நாம சொன்ன வார்த்தைதான் தப்பு."

அவர் விளக்க விளக்க எனக்கு உறைத்தது. நாம் முன்பல்லால் கடிக்கிறோம், கடைவாய்ப் பல்லால் மெல்லுகிறோம். கொய்யாவைக் கடி, கரும்பைக் கடி, கமர்கட்டைக் கடி. கடி என்று சொன்னதும் நம் குழந்தை பின்பல்லைச் சேர்க்காது. முன்பல்லைத் தேடிப் போகும். காக்காக்கடியில் கைதேர்ந்த குழந்தை என்றால் தாடையையே நீட்டும். டாக்டர் படித்த இங்கிலீஷ் புத்தகத்தில் இருந்த 'பைட்' என்ற சொல்லை அப்படியே தமிழாக்கிப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறோம். நொச்சிக்குப்பத்தில் என் விரலைக் கடித்தவன்கூட முன்பல்லால்தான் கடித்தான். தழும்பு இருந்தது, பார்த்துக்கொண்டேன்.

கோளாறு என்று குறித்த குழந்தைகளில் முக்கால்வாசிப் பேருக்குக் கோளாறே இல்லை. கூட்டத்தில் சொல்ல வைத்திருந்த புது விஷயம் புகையாய்ப் போயிற்று. நான் அதைத்தான் நினைத்தேன். அவர் நினைத்தது வேறு.

"பேச்சிக்கு எப்போ பிடுங்கறா?" என்றார்.

நாளைக் காலை என்றேன். அப்போதே தி. நகருக்குக் கிளம்பினோம்.

6. ஜமக்காளத்தின்மேல்

தீபாவளிக் கூட்டத்தில் தி. நகர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோவைப் பாதி வழியில் விட்டுவிட்டு நடந்தோம். கடைக்குள் நுழையவே முடியவில்லை. புடவை விரித்துக் காட்டும் ஜமக்காளத்தின் ஓரத்தில் பேச்சி உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பயத்தால் என்று நினைத்தேன். இல்லை, கொஞ்ச நாளாகவே அப்படித்தான் என்று கடைப்பையன் சொன்னான். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் தாடையைக் காட்டு, தாடையைக் காட்டு என்று பார்த்துவிட்டு உச்சுக்கொட்டியிருக்கிறார்கள். அவள் சிரிப்பதையும் பேசுவதையும் விட்டுவிட்டாளாம். பேச்சி பேசவில்லை என்றால் அது பேச்சியே இல்லை. 

டாக்டர் கல்லாவுக்குப் போனார். அத்தனை வாடிக்கையாளர்கள் முன்னால், சுற்றி வளைக்காமல் சொன்னார். நான் சொன்னது தப்பு, உங்கள் குழந்தைக்குத் தாடைக் கோளாறு இல்லை, பல்லைப் பிடுங்க வேண்டாம்.

அண்ணாச்சி அளவுகோலைக் கீழே வைத்தார். சத்தம் போடவில்லை, ஆனால் முகம் சிவந்துவிட்டது.

"டாக்டரம்மா, அன்னைக்கு வந்து பிள்ளைக்குத் தாடை கோணல்னிய. ஒரு மாசமா வீட்டுல சோறு இறங்கல. இன்னைக்கு வந்து ஒண்ணுமில்லங்கிய. நான் எதை நம்பட்டும்?"

"என்னை நம்ப வேண்டாம். உங்க கண்ணை நம்புங்கோ," என்றார் டாக்டர்.

புடவைகளை ஒதுக்கிவிட்டு ஜமக்காளத்தில் பேச்சியின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வாயிலிருந்து கையை எடு என்று சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தனக்கு ஒரு டம்ளர், அவளுக்கு ஒரு டம்ளர். தான் தூக்கிக் குடித்துக் காட்டி, உனக்கு வருமா என்றார். பேச்சிக்கு ரோஷம். கையை எடுத்துவிட்டுத் தூக்கிக் குடித்தாள். பாதி சட்டையில் கொட்டியது. கடைசி மடக்கை அவள் முழுங்குகிற நேரம் டாக்டர் விரலால் மேலுதட்டை மெல்ல உயர்த்தினார். அண்ணாச்சி குனிந்து பார்த்தார். பக்கத்தில் புடவை பார்த்துக்கொண்டிருந்த அம்மாக்களும் குனிந்தார்கள். மேல்பல் முன்னால் நின்றது, எல்லோர் பல்லும் நிற்கிற மாதிரி.

"இப்போ கடி, கண்ணா."

தாடை முன்னால் வந்தது.

"முழுங்கு."

பின்னால் போனது.

அண்ணாச்சி தன் மகளைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், அப்புறம் தானே ஒருமுறை கடித்தும் முழுங்கியும் பார்த்துக்கொண்டார்.  "ஒரு வார்த்தைக்காம்மா இவ்வளவு பாடு?" என்றார்.  டாக்டர் தலையைக் குனிந்து, ஆமாம் என்றார். அந்த மவுண்ட் ரோட்டுப் பெரியவரிடம் தானே போய்ச் சொல்வதாகவும் சொன்னார்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் அண்ணாச்சிக்கு அடுத்த கவலை. பல் சந்து சந்தாக இருக்கிறதே, இதுவாவது கோளாறா இல்லையா என்று கேட்டார். டாக்டர் இடைவெளியின் நன்மையைச் சொல்ல ஆரம்பித்தார். பாதியிலேயே அவருக்குப் பிடிபட்டுவிட்டது. பின்னால் தொங்கிய ஒரு சின்னப் பாவாடையை இழுத்து, இடுப்புக்குக் கீழே மடித்துத் தைத்திருந்த டக்கைக் காட்டினார்.

"வளர்ற பிள்ளைக்கு இப்படி டக்கு பிடிச்சு விடுதோம்லா? அப்ப இது வளத்திக்கு விட்டது."

அடையாறு அம்மாவுக்கு அரைமணி நேரம் சொல்லியும் ஏறாத விஷயம். அன்று முதல் எங்கள் கிளினிக்கில் பால் பல் இடைவெளிக்கு வளத்தி என்றே பேர். இந்தக் குழந்தைக்கு நல்ல வளத்தி, அந்தக் குழந்தைக்கு வளத்தியே இல்லை என்று டாக்டரும் நானும் பேசிக்கொள்வோம். வெளியாள் கேட்டால் ஒன்றும் புரியாது.

7. கூட்டம்

பேச வேண்டாம், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள் என்றேன். நல்லெண்ணத்தில்தான். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கூட்டத்துக்கு மாடல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். பின்வரிசையில் நின்றேன். டாக்டர் எழுந்து, நான் உங்களிடம் ஒரு புது விஷயம் சொல்ல இருந்தேன், அது பொய் என்று கண்டுபிடித்துவிட்டேன், எப்படிப் பொய் ஆயிற்று என்பதைச் சொல்கிறேன் என்று தொடங்கினார். கடி என்ற சொல் வந்ததும் முன்வரிசையில் ஒரு சிரிப்பு ஓடியது. ஒரு சொல்லுக்குத் தாடை நகருமா என்று ஒருவர் கேட்டார். 

அவர் கைப்பையிலிருந்து ஒரு கமர்கட்டை எடுத்தார். முன்வரிசைக்குப் போய், மவுண்ட் ரோட்டுப் பெரியவரிடமே நீட்டி, இதைப் பக்கத்தில் இருப்பவருக்குப் பாதி கொடுக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டார். பெரியவர் நல்ல மனிதர். ஏற்கெனவே டாக்டர் நேரில் போய்ச் சொல்லியிருந்ததால் விஷயமும் தெரியும். சிரித்துக்கொண்டே டையின் நுனியைக் கமர்கட்டின்மேல் சுற்றினார். நரைத்த மீசைக்குக் கீழே அவர் தாடை முன்னால் வந்தது. மண்டபம் முழுக்கப் பார்த்தது. 

எத்தனையோ கெட்டிக்கார டாக்டர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். கண்டுபிடித்ததைச் சொல்லிக் கைதட்டு வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கண்டுபிடித்தது தப்பு என்று சொல்லிக் கைதட்டு வாங்கியவர் இவர் ஒருவர்தான். பின்வரிசையில் நின்று நானும் தட்டினேன், கை வலிக்கும்வரை.

8. மறுபடி தி. நகர்

எல்லாப் பள்ளிக்கும் திரும்பப் போனோம். மெழுகை வைத்து, கடி என்ற சொல்லை மறந்து, முழுங்கு என்றோம். முழுங்கு என்று சொன்னால் நாக்கு பின்னால் போகும், பின்பல் தானாகச் சேரும். என் ப்ளாஸ்டரும் அவர் மெழுகும் அப்புறம் சண்டை போடவில்லை.

தி. நகர்ப் பள்ளியில் பேச்சிதான் முதலில் ஓடிவந்தாள். கை வாய்க்குப் போகவில்லை. மூச்சு விடாமல் பேசினாள். அவளுக்கு அளவெடுத்து முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு கமர்கட்டை எடுத்தாள். சட்டை நுனியைச் சுற்றி, தாடையை நீட்டி, ஒரே கடி. பாதியை டாக்டரிடம் நீட்டினாள்.

நான் சட்டென்று குறுக்கே கை நீட்டினேன். டாக்டர் எச்சில் தொட மாட்டார், எனக்குக் கொடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டாக்டர் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"காக்காக்கடியில எச்சில் ஏது, கஜபதி?"

பேச்சி அவரை விடவில்லை. கிட்டே போய் நின்று, "இப்ப முழுங்குங்க டாக்டர்" என்றாள். டாக்டர் அடக்கமாக முழுங்கினார். பேச்சி பிசுபிசுத்த விரலால் அவர் மேலுதட்டைத் தூக்கி, எட்டி, கவனமாகப் பார்த்தாள்.

"சரியாத்தான் இருக்கு," என்றாள்.

உதட்டில் டம்ளர் படாத அந்த அம்மாள், ஒரு குழந்தையின் கமர்கட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். 

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் மெழுகு எப்படி இளக்குவது, ப்ளாஸ்டரில் குமிழி வராமல் எப்படி ஊற்றுவது என்றெல்லாம் கேட்கிறார்கள். சொல்லித்தருகிறேன். ஆனால் முதலில் சொல்வது இதுதான். குழந்தையிடம் ஒரு சொல்லைச் சொல்லும்முன், அந்தச் சொல்லுக்கு அந்தக் குழந்தையின் ஊரில் என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கடி என்றால் கடிப்பார்கள். சந்தேகமிருந்தால் என் ஆட்காட்டி விரலைப் பாருங்கள், தழும்பு இன்னும் இருக்கிறது.